திரை யார் கையில்? கல்லூரி மாணவரும் நாற்பது ஆண்டுக் கல்விக் கருவிகளும்

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி மாணவர்களுக்கென்றே தூர்தர்ஷனில் ஒரு நிகழ்ச்சி வரிசையைத் தொடங்கியது. 'நாடு தழுவிய வகுப்பறை' என்பது அதன் பெயர். அதற்கு முந்தைய ஆண்டு விண்ணில் ஏற்றப்பட்டிருந்த இன்சாட்-1பி செயற்கைக்கோள் அந்த ஒளிபரப்பை நாடெங்கும் கொண்டுசென்றது. பெருநகரக் கல்லூரிகளில் மட்டும் கிடைத்துவந்த நல்ல விரிவுரை, நூலகமும் ஆய்வகமும் சரிவர இல்லாத சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் போய்ச்சேர வேண்டும் என்ற நேர்மையான அக்கறை அதன் பின்னால் இருந்தது. நிகழ்ச்சிகளைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஊடக மையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அத்தகைய மையங்களைப் பெற்றன. அன்று தொடங்கி இன்றைய கைப்பேசிச் செயலி வரைக்கும் உயர்கல்விக்குள் வந்த கருவிகளின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. எந்த ஆண்டு எந்தத் திட்டம் தொடங்கியது, எத்தனை கல்லூரிகளை எட்டியது, எவ்வளவு செலவானது என்ற விவரங்கள் அந்த வரலாற்றில் நிறைய உண்டு. யாருக்காக இவையெல்லாம் செய்யப்பட்டனவோ அந்த மாணவர்கள் அவற்றைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு மட்டும் அதில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை.

அவர்கள் கருத்து ஆவணங்களில் அரிதாகவே பதிவாகியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கருத்தை எழுத்தில்தான் தேட வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தக் கருவியை மாணவர்கள் தாமாகத் தேடிப் போனார்கள், எதைக் கட்டாயத்தால் மட்டும் சகித்துக்கொண்டார்கள், எதற்காகச் சாலையில் அமர்ந்தார்கள், எதற்காக நீதிமன்றம் சென்றார்கள் என்று பார்த்தால் அவர்களின் தீர்ப்பு தெளிவாகவே தெரிகிறது. அந்தத் தீர்ப்பு இந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவும் இல்லை. தன் படிப்பின் நேரத்தையும் வேகத்தையும் தானே ஆள இடம் கொடுத்த கருவியை மாணவர் ஏற்றுக்கொண்டார். அந்த ஆளுகையைப் பறித்து அவரைக் கண்காணிக்கவோ, இருந்த ஆசிரியரை அகற்றவோ வந்த கருவியை எதிர்த்தார். இளைஞர்கள் புதுமை என்றால் விழுந்தடித்து ஓடுவார்கள் என்ற நம்பிக்கையும், திரையில் மூழ்கிப் படிப்பைக் கெடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சமும் இந்தத் தீர்ப்பைப் பார்க்கத் தவறியவை.

தொலைக்காட்சிக்கு முன்பே இதற்கு ஒரு முன்னுரை உண்டு. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும், 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1981இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அந்த வழியில் இறங்கின. அச்சிட்ட பாடங்கள் தபாலில் வரும். குறிப்பிட்ட நாள்களில் நேரடித் தொடர்பு வகுப்புகள் நடக்கும். ஆண்டு முடிவில் தேர்வு. வேலையை விட்டுவிட்டு வர முடியாத எழுத்தர்கள், பள்ளி ஆசிரியர்கள், திருமணமானதும் படிப்பு நின்றுபோன பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள் இதில் சேர்ந்தார்கள். மின்சாரமே தேவைப்படாத இந்த முறையில் மாணவருக்குக் கிடைத்தவை இரண்டு: தனக்குத் தோதான நேரத்தில் படிக்கும் சுதந்திரம், படித்ததைத் திரும்பத் திரும்பப் புரட்டும் வசதி. கல்வித்தரம் பற்றிய குறைகள் அன்றே சொல்லப்பட்டன. அவற்றில் நியாயமும் இருந்தது. ஆனாலும் கல்லூரி வாசலுக்கு வர வழியில்லாதவர்கள் இந்தக் கல்வியைத் தாமே தேர்ந்தார்கள் என்பதை மறக்கலாகாது. தேர்ந்தெடுத்துச் சேர்வதற்கும் திணிக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடு பின்னால் வந்த ஒவ்வொரு கருவியின் கதையிலும் மீண்டும் வெளிப்படுகிறது.

நாடு தழுவிய வகுப்பறையில் அந்த இரண்டுமே இல்லை. ஒளிபரப்பு பகலில் நடந்தது. அதாவது மாணவர் தன் கல்லூரி வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரத்தில். கல்லூரியில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்க வேண்டும், அதை வைத்திருக்கும் அறையின் சாவி கிடைக்க வேண்டும், கால அட்டவணையில் அதற்கென்று ஒரு பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும், அந்த நேரத்தில் மின்சாரமும் இருக்க வேண்டும். நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் இருந்தன. தொடக்கத்தில் வெளிநாடுகளில் தயாரானவையும் கணிசமாக இடம்பெற்றன. பாடத்திட்டத்தை ஒட்டிச் செல்லாமல் பொது அறிவை விரிவாக்குவதே கொள்கையாக இருந்தது. அறிவை விரிவாக்குவது உயர்ந்த நோக்கம்தான். ஆனால் தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டு, ஆங்கிலப் பாடநூலோடு போராடிக்கொண்டிருந்த ஒரு மாவட்டத் தலைநகர்க் கல்லூரி மாணவருக்கு, நிறுத்திக் கேட்கவும் முடியாத, மறுபடி பார்க்கவும் முடியாத, தேர்விலும் வராத ஒரு மணி நேர ஆங்கில நிகழ்ச்சி எந்த வகையில் கைகொடுத்திருக்கும்? சிற்றூர் மாணவருக்காக என்று தொடங்கப்பட்டது, அவருடைய மொழியையும் நேரத்தையும் கேட்டறியாமலே வடிவமைக்கப்பட்டது. அவர் அதைத் தேடிப் போகாததில் வியப்பில்லை. அதை ஆர்வக்குறைவு என்று எழுதிவைத்தால் அது அவருக்குச் செய்யும் அநீதி.

அந்தக் குறையை அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பம் தீர்க்கும் என்று நம்பப்பட்டது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எடுசாட் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. தொலைக்காட்சி ஒருவழிப் பாதையாக இருந்தது. எடுசாட் வழியே தொலைவில் இருக்கும் மாணவர் கேள்வி கேட்கவும் முடிந்தது. தொழில்நுட்பத்தில் அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட அரங்கில், குறிப்பிட்ட நேரத்தில், பல கல்லூரி மாணவர்கள் ஒரே சமயத்தில் அமர்ந்து, எங்கோ இருக்கும் ஒரு பேராசிரியரைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. முன்னால் நிற்கும் ஆசிரியரிடமே கைதூக்கிச் சந்தேகம் கேட்கத் தயங்கும் மாணவர், பத்துக் கல்லூரிகள் பார்த்துக்கொண்டிருக்க ஒலிவாங்கியைப் பிடித்துக் கேட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தது அவரை அறியாதவர்களின் கணிப்பு. கேள்வி கேட்கும் பாதை திறந்திருந்தாலும், கேட்பதற்கான துணிவு பழக்கத்திலிருந்தும் நெருக்கத்திலிருந்தும்தான் வருகிறது.

உண்மையான திருப்பம் இன்னொரு திசையிலிருந்து வந்தது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, பொறியியல் பாடங்களை முழுமையாகப் பதிவுசெய்து யாருக்கும் இலவசமாகத் தரும் திட்டம் ஒன்றை 1999இல் சிந்தித்து, 2003இல் மத்திய அரசின் நிதியோடு தொடங்கின. என்பிடெல் என்று மாணவர்கள் அழைக்கும் அந்தத் திட்டத்தில் சென்னை ஐஐடிக்கு முதன்மையான பங்கு இருந்தது. பெரும்பாலும் கரும்பலகை, சுண்ணக்கட்டி, ஒரு பேராசிரியர், ஒரு கேமரா, அவ்வளவுதான். காட்சிக் கவர்ச்சியில் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளே இதைவிட மேலாக இருந்திருக்கும். ஆயினும் யூட்யூபில் இந்தப் பதிவுகள் ஏறியபோது மாணவர்கள் தாமாகத் தேடிவந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி டேட்டா விலை சரிந்தபின் அந்தத் தேடல் சிற்றூர்களுக்கும் பரவியது. என்பிடெல்லோடு, தமிழில் பொறியியலும் கணக்கும் நடத்தும் தனி ஆசிரியர்களின் யூட்யூப் வகுப்புகளும் பெருகின. காரணம் எளியது. புரியாத வரியில் நிறுத்தலாம், பின்னால் போகலாம், தேர்வுக்கு முந்தைய இரவில் மீண்டும் பார்க்கலாம், ஆங்கில உச்சரிப்பு பிடிபடாவிட்டால் எழுத்தில் வாசிக்கலாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்திரேலியாவின் இரண்டு பல்கலைக்கழகங்களில் 1,658 இளநிலை மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவி உண்மையில் பயன்பட்டது என்று கேட்டது. படிப்பு வேலைகளை ஒழுங்குபடுத்துவது, இடமும் நேரமும் தடையாகாமல் படிப்பது, பாடத்தைத் திரும்பப் பார்ப்பது ஆகியவையே பதில்களில் முன்னின்றன. படைப்பூக்கம், கூட்டுக் கற்றல் என்று நிர்வாகங்கள் விளம்பரப்படுத்தும் பெரிய சொற்கள் பின்தங்கின. வேறொரு நாட்டு மாணவர்களின் பதில் அது. ஆனாலும் நம் மாணவர்கள் என்பிடெல்லை எதற்காகத் தேடிப் போனார்களோ அதே காரணங்கள்தான் அங்கும் சொல்லப்பட்டிருக்கின்றன.

கருவி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் இதன் மறுபக்கம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களோடு கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களும் அதில் இடம்பெற்றார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் சுமார் 50 லட்சம் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. வாக்குக்காகக் கொடுக்கும் இலவசம் என்று அன்று எழுந்த விமர்சனம் பெற்றோரையும் அரசியல்வாதிகளையும் பார்த்ததே தவிர மாணவரைப் பார்க்கவில்லை. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம், அதுவும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கணினி என்று இருந்த நிலையில், வீட்டுக்கு எடுத்துச்செல்லக்கூடிய ஒரு சொந்தக் கணினி முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு என்னவாக இருந்தது என்பதை, அது கிடைக்காதபோது எழுந்த குரலிலிருந்து அறியலாம். 2017-18இல் மேல்நிலை முடித்தவர்களுக்கு மடிக்கணினி தாமதமானபோது, அதற்குள் கல்லூரிக்குச் சென்றுவிட்ட அவர்கள் 2019இல் பல மாவட்டங்களில் பழைய பள்ளி வாசலுக்குத் திரும்பிவந்து மறியல் செய்தார்கள். கல்லூரிப் படிப்பின் நடுவில் கணினி தேவைப்பட்டவர்கள் கேட்ட கேள்வியாக அதைப் பார்க்க வேண்டும். 2019-20க்குப் பிறகு வழங்கல் நின்றுபோனது. எல்லா வகுப்புகளும் திரைக்கு மாறிய ஆண்டுகள் அதற்கு அடுத்துத்தான் வந்தன. திட்டத்தின் நாள்காட்டியும் மாணவர் தேவையும் இவ்வளவு கொடுமையாக விலகி நின்ற தருணம் வேறில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்ற அறிவிப்பு வந்தபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு முழுத் தலைமுறை பட்டம் பெற்று வெளியேறியிருந்தது.

கருவி கையில் இருந்தும் பயன்படுத்த விடாமல் தடுக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் பெண்களே மிகுதி. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி, மாலை 6 முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதித்தது. படிப்பதற்கான நேரமே அதுதான் என்று சொல்லி ஏற்க மறுத்த மாணவி ஒருவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. கைப்பேசி கெடுக்கும் என்ற பெரியவர்களின் அக்கறையை நீதிமன்றம் பொருட்படுத்தாமல் விடவில்லை. ஆனால் பதினெட்டு வயது கடந்த ஒருவர் எப்போது, எதன் வழியே படிக்க வேண்டும் என்பதை விடுதிக் காப்பாளர் தீர்மானிக்க முடியாது என்று சொன்னது. மின்னணுக் கல்வி பற்றி நம் நாட்டில் ஒரு மாணவரின் பார்வை சட்டத்தின் மொழியில் இவ்வளவு துலக்கமாகப் பதிவான இடம் வேறு ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தத் தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்குள் கல்லூரிகள் மூடப்பட்டன. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது, விரும்பியவர் விரும்பிய நேரத்தில் பயன்படுத்திவந்த திரை எல்லோருக்கும் ஒரே வழியானது. அதற்குச் சற்று முன் 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் கணினி உள்ளவை 10.7 விழுக்காடு, இணைய வசதி உள்ளவை 23.8 விழுக்காடு, கிராமப்புறத்தில் கணினி 4.4 விழுக்காட்டுக் குடும்பங்களில்தான். இந்த அடித்தளத்தின்மேல்தான் காலை 9 மணிக்குக் காணொலி வகுப்பு, வருகைப்பதிவு, கேமராவை இயக்கு என்ற ஆணைகள் வந்தன. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. நல்ல உதவி, வகுப்புகள் திரைக்குப் போய் ஒன்பது மாதம் கழித்து வந்த உதவி. இந்தக் காலத்தில் மாணவர்கள் பரவலாக முறையிட்டவை எவை என்று பார்த்தால், இணைய வகுப்பு என்பதையே வெறுத்தவர்களைவிட, நேரலையில் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதை எதிர்த்தவர்களே மிகுதி. பதிவுசெய்து அனுப்புங்கள், சிக்னல் கிடைக்கும்போது இறக்கிப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். வீட்டில் ஒரே கைப்பேசி, அதை எடுத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போய்விடுவார் என்றார்கள். பெரும்பாலான கல்லூரிகள் வகுப்பறையின் மணியடிப்பை அப்படியே திரைக்கு மாற்றின. மாணவர் கேட்டதோ திரையால் மட்டுமே தரக்கூடிய நெகிழ்வு. நேரலையின் மிகப் பெரிய குறை, மாணவரிடமிருந்து அந்த நெகிழ்வைப் பறித்ததுதான்.

தேர்வில் இந்த மோதல் உச்சத்துக்குப் போனது. 2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வை இணையத்தில், கேமராவும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளும் கண்காணிக்க நடத்தியது. பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தேர்ச்சி பெறாமலோ முடிவு நிறுத்திவைக்கப்பட்டோ போனார்கள். பார்வை திரையை விட்டு விலகியது, அறையில் இன்னொரு குரல் கேட்டது, இணைப்பு அறுந்தது போன்றவை முறைகேடாகக் கணக்கிடப்பட்டன என்று அவர்கள் புகார் செய்தார்கள். ஓரறை வீட்டில் இன்னொரு குரல் கேட்காமல் ஒரு மணி நேரம் எப்படி இருக்கும்? பின்னர் பொறுப்பேற்ற அரசு மறுதேர்வு வாய்ப்பை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் கதை தலைகீழானது. கல்லூரிகள் திறந்து, பருவத் தேர்வு நேரில்தான் என்று அறிவிக்கப்பட்டதும், மதுரை உள்ளிட்ட ஊர்களில் மாணவர்கள் திரண்டு இணையவழித் தேர்வு கேட்டுப் போராடினார்கள். ஆண்டுத் தொடக்கத்து இணையத் தேர்வை எதிர்த்தவர்கள் நவம்பரில் அதையே கேட்டார்களே, இது முரண் இல்லையா என்று அன்று பலர் கேட்டார்கள். முரண் இல்லை. எந்த முறையில் பாடம் நடத்தினீர்களோ அந்த முறையில் சோதியுங்கள் என்பதே இரண்டு போராட்டங்களுக்கும் அடியில் இருந்த வாதம். பருவத்தின் பெரும்பகுதியை அரைகுறை இணைப்பில் கேட்டவர்களை, முழுப் பருவமும் வகுப்பில் அமர்ந்தவர்களுக்குரிய அளவுகோலால் அளப்பது நியாயமாகாது என்றார்கள்.

இதற்கு எதிராக எழும் முதல் ஆட்சேபம் கடுமையானது: இணையத் தேர்வு கேட்டவர்கள் காப்பியடிக்க வசதி என்பதற்காகவே கேட்டார்கள், மாணவர் கருத்து என்ற பெயரில் சோம்பலுக்கு மாலை போடக் கூடாது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்து எழுதிய தேர்வுகளில் பார்த்து எழுதுவது பரவலாக நடந்தது என்பதை மாணவர்களே மறுக்க மாட்டார்கள். ஆனால் எளிய வழியை மட்டுமே மாணவர் நாடுவார் என்றால், என்பிடெல்லின் வரலாற்றை எப்படி விளக்குவது? 2014 முதல் அது சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. பாடத்தில் சேர்வது இலவசம்; வாராவாரம் பயிற்சிகள் எழுத வேண்டும்; சான்றிதழ் வேண்டுமானால் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கடினமான இந்த வழியில் ஒவ்வொரு பருவத்திலும் லட்சக்கணக்கானவர்கள் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் கட்டணம் செலுத்தித் தேர்வு வரைக்கும் போகிறார்கள். பாடமும் பயிற்சியும் சோதனையும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால் கண்டிப்பான தேர்வையும் மாணவர் ஏற்கிறார். பொருத்தம் குலைந்த இடத்தில்தான் குறுக்குவழி தேடப்படுகிறது. அந்தக் குறுக்குவழிக்கு மாணவர் பொறுப்பாளிதான். பொருத்தத்தைக் குலைத்தவர்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் அறிவு சார்ந்தது, அதனால் கனமானது: தனக்கு எது கற்பிக்கிறது என்பது மாணவருக்கே தெரியாது. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வலுவான சான்று. ஒரு பிரிவு நல்ல விரிவுரையைக் கேட்டது; இன்னொரு பிரிவு கணக்குகளைக் குழுவாகப் போட்டுப் பார்த்துக் கற்றது. சோதனையில் கூடுதலாகக் கற்றது இரண்டாம் பிரிவு. கூடுதலாகக் கற்றதாக உணர்ந்தது முதல் பிரிவு. ஆற்றொழுக்கான விரிவுரை தரும் நிறைவு கற்றலைப் போலவே தோன்றிவிடுகிறது. அப்படியானால் காணொலியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் கிடைக்கும் நிறைவும் ஏமாற்றாக இருக்கலாம் அல்லவா? இருக்கலாம், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்த முறை ஆழமாகக் கற்பிக்கிறது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் முழுவதையும் மாணவர் விருப்பத்திடம் விட்டுவிட முடியாது. ஆனால் இரண்டு வேறு கேள்விகளை நாம் குழப்பிக்கொள்கிறோம். எது நன்றாகக் கற்பிக்கும் என்பது ஒன்று. அது தன் கைக்கு எட்டுகிறதா, தன் மொழியில் இருக்கிறதா, தன் வீட்டுச் சூழலில் முடியுமா, எந்த விலையில் என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் மாணவர் தவறலாம். இரண்டாவதில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. 1984 முதல் 2020 வரை நம் திட்டங்கள் சறுக்கிய இடமெல்லாம் இந்த இரண்டாம் கேள்வியில்தான்.

மூன்றாவதாக, இதெல்லாம் பழைய கதை, இன்று எல்லோர் கையிலும் கைப்பேசியும் மலிவான டேட்டாவும் இருக்கின்றன, எட்டாதவர் யார் என்று கேட்கிறார்கள். கைப்பேசியில் பாடம் பார்க்கலாம். நிரல் எழுதிப் பழகுவதும், வரைபடம் போடுவதும், நாற்பது பக்க ஆய்வேடு எழுதுவதும் ஆறு அங்குலத் திரையில் நடக்கிற வேலைகள் அல்ல. மொழியோ இன்னும் பெரிய சுவர். அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. என்பிடெல் விரிவுரைகளின் எழுத்து வடிவம் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுவருகிறது. இருந்தும் உயர்கல்விக்கான மின்னணுப் பாடங்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மாணவர்கள் தமிழில் விளக்கும் யூட்யூப் வகுப்புகளைத் தேடிப் போவதை அறிவுக் குறைவாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஐஐடிப் பேராசிரியரின் ஆங்கிலப் பாடம் ஒரு சொடுக்கில் கிடைக்கும்போதும் அவர்கள் இதைத் தேர்கிறார்கள் என்றால், எட்டுவது என்றால் என்ன என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் அது.

ஆசிரியரைப் பற்றிய அவர்கள் நிலைப்பாடும் இதே தர்க்கத்தைத்தான் பின்பற்றுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல், ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் படித்து மதிப்பெண் பெறலாம் என்றது. 2021இல் அந்த வரம்பு 40 விழுக்காடு ஆனது. விரும்பியவர் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பாக இருந்தவரை இதை மாணவர்கள் எதிர்க்கவில்லை. 2021 மே மாதம், ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்ற கலப்புமுறைக் கல்வி வரைவு வந்தபோது, ஆசிரியர் சங்கங்களோடு மாணவர் அமைப்புகளும் எதிர்த்தன. ஆசிரியர் பணியிடங்கள் குறையும், வகுப்பறையும் விடுதியும் நூலகமும் தரும் வாழ்க்கை சுருங்கும் என்பது அவர்கள் அச்சம். முதல் தலைமுறை மாணவருக்குக் கல்லூரி வளாகம் என்பது பாடத்தைவிடப் பெரியது. சாதியும் ஊரும் வீட்டுக் காவலும் சற்றே தளரும் இடம் அது. 2020இல் சென்னை ஐஐடி தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு மறுபக்கத்தைக் காட்டுகிறது. நுழைவுத் தேர்வில் தரவரிசை எட்டாதவர்கள், வேறொரு பட்டத்தைப் படித்துக்கொண்டிருப்பவர்கள், வேலையில் இருப்பவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தேர்ந்தார்கள். பாடம் பதிவாக வருகிறது. சந்தேகம் தீர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். தேர்வு நேரில் நடக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அஞ்சல்வழியில் சேர்ந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். ஒரே தலைமுறை ஓரிடத்தில் இணையவழியை எதிர்க்கிறது, இன்னோரிடத்தில் விரும்பிச் சேர்கிறது. வாசலைக் கூடுதலாகத் திறக்கும் திரை வரவேற்கப்படுகிறது. இருந்த வாசலை அடைக்க வரும் திரை தடுக்கப்படுகிறது.

இவ்வளவு தெளிவான பார்வை உள்ளவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் அமைப்பு, 2017இல் திருத்திய மதிப்பீட்டு முறையில் மாணவர் மனநிறைவுக் கணிப்பைச் சேர்த்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் தொழில்நுட்பம் பற்றி அது கேட்கும் கேள்வி, ஆசிரியர்களில் எத்தனை விழுக்காட்டினர் ப்ரொஜக்டர் போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பது. அந்தப் பயன்பாடு உனக்குப் புரிய உதவியதா, பாடத்தை மறுபடி பார்க்கக் கிடைத்ததா, உன் மொழியில் இருந்ததா, உன் கையில் கருவி உண்டா என்று கேட்பதில்லை. கணக்கெடுப்பவராக நடத்தப்படும் மாணவர், மதிப்பிடுபவராக நடத்தப்பட வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் மென்பொருள் வாங்குவதற்கு முன்பே பாடத்திட்டக் குழுவிலும் கொள்முதல் குழுவிலும் மாணவர் பிரதிநிதிகள் அமர்வது, எல்லா விரிவுரைகளையும் இறக்கிக்கொள்ளக்கூடிய பதிவாகத் தருவது, கண்காணிப்பு மென்பொருளின் முடிவுக்கு எதிராக மனித விசாரணை கேட்கும் உரிமை, தமிழில் பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்கு ஊதியமும் பதவி உயர்வில் மதிப்பும் ஆகியவை பெரும் செலவு கேட்பவை அல்ல. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு அடுத்த அலை தொடங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தடை செய்வதா கட்டாயமாக்குவதா என்று நிர்வாகங்கள் விவாதிக்கின்றன; மாணவர்களோ ஏற்கெனவே தமிழில் விளக்கம் கேட்டு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். எங்கே அது புரிதலைத் தருகிறது, எங்கே சிந்திக்கும் உழைப்பைத் திருடுகிறது என்று சொல்லக்கூடிய சாட்சிகள் அவர்களே. நாற்பது ஆண்டுகளாகத் திட்டம் முடிந்தபின் மாணவர் எப்படி நடந்துகொண்டார் என்று ஆராய்ந்தோம். இந்த முறையாவது திட்டம் எழுதப்படும் மேசையில் அவர்களுக்கு இடம் கொடுப்பது, வரலாறு நமக்குக் கற்பித்திருக்க வேண்டிய மிகக் குறைந்த பாடம்.